வீட்டோவின் பலம் எதில் இருக்கிறது? கிளிண்டனும் காங்கிரசும் மோதிய 1995

1995 நவம்பர் 13 இரவு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுப்பிய இரண்டு மசோதாக்களை அதிபர் பில் கிளிண்டன் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். இப்படி மறுக்கும் அதிகாரம்தான் வீட்டோ. ஒன்று, நாட்டின் கடன் உச்சவரம்பைச் சில வாரங்களுக்கு உயர்த்துவது. மற்றது, பட்ஜெட் இன்னும் முடியாத துறைகளுக்கு இடைக்காலச் செலவுப் பணம் தருவது. மறுநாள் காலை மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் அலுவலகம் போய், கோப்புகளை மூடி, மேசையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்த இரண்டாவது மசோதாவுக்குள் சிறு பிரிவு ஒன்று இருந்தது. மெடிகேர் என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதில் மருத்துவர் கட்டணத்தை ஏற்கும் ‘பி’ பகுதிக்கு முதியவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். 1995இல் அது 46.10 டாலர். 1990இல் போட்ட சட்டம் ஐந்தாண்டுச் சந்தாவை டாலர் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தது. மருத்துவச் செலவு அன்று கணித்த வேகத்தில் ஏறாததால், செலவில் 25 சதவீதமாக இருக்க வேண்டிய முதியவரின் பங்கு 31.5 சதவீதமாகிவிட்டிருந்தது. 1996 ஜனவரியில் அது பழையபடி 25 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் சந்தா 42.50 டாலர். இறங்கவிடாமல் 31.5 சதவீதத்திலேயே நிறுத்தியது அந்தச் சிறு பிரிவு. அப்போது சந்தா 53 டாலருக்கு மேல் போகும். வித்தியாசம் மாதம் பதினோரு டாலர்.

பதினோரு டாலருக்காகவா ஒரு வல்லரசின் அலுவலகங்கள் மூடப்பட்டன என்று கேட்கத் தோன்றும். அந்தப் பிரிவு ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பது புரிந்தால் அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்த மோதல் புரிந்துவிடும். அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: அதிபர் கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாள் என்ன நடக்கும்?

கையெழுத்து விழாத நாளில்

அமெரிக்க அரசின் பணம் இரண்டு வழிகளில் வெளியே போகிறது. பாதுகாப்பு, பூங்காக்கள், பாஸ்போர்ட், ஆராய்ச்சி, சுற்றுச்சூழல் போன்ற துறைகளுக்குக் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டம் போட வேண்டும். அன்று அப்படி 13 தனித்தனி மசோதாக்கள் இருந்தன. நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் சட்டம் இல்லையென்றால் அந்தத் துறையின் கையில் பணம் இல்லை. 1995இல் மொத்தச் செலவு சுமார் 1.5 லட்சம் கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த வகை.

இரண்டாவது வகை, நிலையான சட்டத்தின்படி தானே ஓடுவது. முதியோர் ஓய்வூதியம், மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட் எல்லாம் இதில் அடங்கும். தகுதி உள்ளவர் விண்ணப்பித்தால் பணம் கொடுத்தாக வேண்டும். ஆண்டுதோறும் வாக்கெடுப்பு இல்லை. செலவில் ஏறத்தாழ பாதி இது. மிச்சம் வட்டி.

இனி வீட்டோவை இந்த இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். மெடிகேரைக் குறைக்கும் மசோதாவை அதிபர் திருப்பி அனுப்பினால் பழைய சட்டம் அப்படியே தொடர்கிறது; அதிபர் நினைத்தது நடந்துவிடுகிறது. பூங்காத் துறையின் ஒதுக்கீட்டைக் குறைக்கும் மசோதாவைத் திருப்பி அனுப்பினால் பழைய ஒதுக்கீடு திரும்ப வராது. எதுவுமே வராது, பூங்கா மூடப்படும். நிலையான திட்டங்களில் வீட்டோ கோட்டைச் சுவர் மாதிரி. ஆண்டு ஒதுக்கீட்டில் அது பிடித்தவர் கையையும் அறுக்கும் கத்தி.

காங்கிரசில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சித் தலைவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவர்கள் குறைக்க விரும்பிய பெரும்பணம் மெடிகேரிலும் மெடிகெய்டிலும் இருந்தது. அங்கே அதிபர் அசையாமல் உட்கார்ந்தாலே வென்றுவிடுவார். ஆகவே அவர் அசையாமல் இருக்க முடியாத இடத்தோடு இதைக் கட்டிப்போட நினைத்தார்கள். இடைக்காலச் செலவு மசோதாவில் மெடிகேர் சந்தா வந்து உட்கார்ந்த காரணம் அதுதான்.

வீட்டோவின் விதிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மசோதா கைக்கு வந்த பிறகு அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவகாசம். கையெழுத்திடலாம், காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம், சும்மா வைத்திருந்தால், காங்கிரஸ் கூட்டத்தில் இருக்கும்வரை, அது தானே சட்டமாகிவிடும். காங்கிரஸ் கலைந்துபோயிருந்தால் மசோதா செத்துப்போகும். திருப்பி அனுப்பியதை மீறிச் சட்டமாக்க இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அனைவரும் வந்தால் பிரதிநிதிகள் சபையில் 435க்கு 290, செனட்டில் 100க்கு 67. மசோதாவின் ஒரு வரியை மட்டும் அடிக்க முடியாது. முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழுவதையும் மறுக்க வேண்டும்.

அப்படியானால் சட்டமான பிறகு பணத்தைச் செலவழிக்காமல் அதிபர் பிடித்துவைக்கக் கூடாதா? ரிச்சர்ட் நிக்சன் அதைத்தான் செய்தார். 1972 அக்டோபரில் அவர் மறுத்த நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தைக் காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீட்டது. அவரோ நகரங்களுக்குப் போக வேண்டிய கழிவுநீர் நிதியில் பெரும்பகுதியைப் பிரித்துத் தரக் கூடாது என்று உத்தரவிட்டார். 1975இல் உச்ச நீதிமன்றம் நகரங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1974 ஜூலையில், காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு இந்தக் கதவை அடைத்திருந்தது: ஒதுக்கிய பணத்தை ரத்துசெய்ய அதிபர் விரும்பினால் காங்கிரசிடம் கேட்க வேண்டும், கூட்டத்தொடர் நடக்கும் 45 நாட்களுக்குள் அனுமதி வராவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும். காங்கிரசுக்கென்று தனி பட்ஜெட் அலுவலகம் பிறந்ததும் அதே சட்டத்தால்தான். 1995இல் அந்த அலுவலகத்தின் கணக்கே மோதலின் நடுவில் வந்து நின்றது.

எதிலிருந்து வெட்டு?

1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்கள் கூடுதலாகப் பிடித்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே பெரும்பான்மை பெற்றது. செனட்டும் அவர்கள் கைக்கு வந்தது. நியூட் கிங்ரிச் சபாநாயகர், செனட்டில் பாப் டோல் பெரும்பான்மைத் தலைவர். புதிதாக வந்த 73 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் பலர் பற்றாக்குறையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்து வந்தவர்கள். அந்தக் கவலை பொய்யல்ல. 1992இல் 29,000 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, 1995இல் 16,400 கோடியாகக் குறைந்திருந்தும் வட்டி மட்டுமே மொத்தச் செலவில் ஏழில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

1995 ஜூன் இறுதியில் இரு அவைகளும் ஏற்ற திட்டம் இதுதான்: ஏழு ஆண்டுகளில், 2002க்குள், வரவும் செலவும் சமமாக வேண்டும். மெடிகேரில் 27,000 கோடி டாலர் மிச்சம், மெடிகெய்டில் 18,200 கோடி மிச்சம், வரிக்குறைப்பு 24,500 கோடி.

இந்த 27,000 கோடி வெட்டா இல்லையா என்பதில் இரு தரப்பும் மாதக்கணக்கில் சண்டை போட்டன. சராசரியாக ஒரு முதியவருக்கு ஆகும் மெடிகேர் செலவு 4,800 டாலரிலிருந்து ஏழாண்டில் 6,700 டாலராக ஏறும், ஏறுவதை எப்படி வெட்டு என்கிறீர்கள் என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். கணக்கு சரிதான். பட்ஜெட் அலுவலகம் முதலில் அடிக்கோடு ஒன்றைப் போடுகிறது: சட்டம் எதுவும் மாறாவிட்டால், விலையேற்றமும் முதியோர் எண்ணிக்கையும் சேர்ந்து செலவு எங்கே போகும் என்ற மதிப்பீடு. 27,000 கோடி என்பது அந்த அடிக்கோட்டுக்கும் புதிய திட்டத்துக்கும் ஏழாண்டில் விழும் இடைவெளி. டாலரில் பார்த்தால் ஏற்றம். இன்றைக்குக் கிடைக்கும் சிகிச்சை நாளையும் கிடைக்குமா என்று பார்த்தால் குறைவு.

என் பார்வையில் இரண்டாவது அளவுகோல்தான் நியாயமானது. நோயாளிக்கு வேண்டியது டாலர் எண்ணிக்கை இல்லை. அதே பரிசோதனையும் அதே மருத்துவமனைக் கட்டிலும். ஆனால் அந்த அடிக்கோடே எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று கேட்டவர்களும் வீண் கேள்வி கேட்கவில்லை. அரசியலில் வேலைசெய்தது இந்த நுணுக்கம் எதுவுமில்லை. மெடிகேரில் 27,000 கோடி, வரிக்குறைப்பில் 24,500 கோடி என்று இரண்டு எண்களும் அருகருகே விழுந்தன. முதியவரிடம் எடுத்துப் பணக்காரருக்குக் கொடுக்கிறார்கள் என்று கிளிண்டனின் ஜனநாயகக் கட்சி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது.

சண்டைக்கு இன்னொரு முனையும் உண்டு: யாருடைய கணக்கு? ஜூன் 13 அன்று கிளிண்டன் தொலைக்காட்சியில் தோன்றிப் பத்தாண்டில் பட்ஜெட்டைச் சமன்செய்யும் தன் திட்டத்தை அறிவித்தார். அவர் கட்சி உறுப்பினர்களே கோபப்பட்டார்கள். எதிரியின் இலக்கை ஏன் ஏற்கிறீர்கள் என்றார்கள். வெள்ளை மாளிகையின் பட்ஜெட் பிரிவு போட்ட கணக்கில் அந்தத் திட்டம் சமனாகியது. காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் போட்டபோது ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி டாலர் பற்றாக்குறை அப்படியே நின்றது. பொருளாதாரம் ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்பதில் ஒரு சதவீதத்தின் சிறு பின்னம் மாறினாலும் பத்தாண்டு முடிவில் ஆயிரக்கணக்கான கோடிகள் நகரும். மருத்துவச் செலவின் ஏற்றத்திலும் அப்படித்தான். ‘காங்கிரஸ் அலுவலகக் கணக்கின்படி’ என்ற நாலு சொல்லுக்காக இரு தரப்பும் அவ்வளவு மல்லுக்கட்டியது அதனால்தான். அந்தச் சொற்களை ஏற்றால் இன்னும் பல திட்டங்களைக் குறைத்தாக வேண்டும்.

வீட்டோ வந்த வரிசை

முதல் இரண்டு ஆண்டுகளில் கிளிண்டன் ஒரு மசோதாவைக்கூட மறுக்கவில்லை. காங்கிரஸ் அவர் கட்சியின் கையில் இருந்தது. முதல் வீட்டோ 1995 ஜூன் 7. ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தில் 1,640 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா அது. கல்வியிலும் இளைஞர் சேவைத் திட்டத்திலும் கைவைத்துவிட்டு நீதிமன்றக் கட்டடங்களையும் சாலைகளையும் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பேரம் நடந்தது. ஜூலை 27 அன்று அவர் கையெழுத்திட்ட மாற்று மசோதாவிலும் வெட்டின் மொத்தம் ஏறத்தாழ அதேதான், சுமார் 1,630 கோடி. கல்விக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது, அதற்கு ஈடாக வேறு வெட்டுகள் உள்ளே போயின. காடுகளில் பட்டுப்போன மரங்களை வெட்டி விற்கச் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்தும் பிரிவு இரண்டு மசோதாவிலும் இருந்தது. அதையும் விழுங்கித்தான் அவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒதுக்கீட்டு மசோதாவில் வீட்டோவின் உண்மையான அளவு இது: வெட்டின் கலவையை மாற்ற முடிந்தது, எடையை அவ்வளவாக மாற்ற முடியவில்லை.

அக்டோபர் 1 வந்தபோது 13 மசோதாக்களில் பெரும்பாலானவை முடியவில்லை. நவம்பர் 13 வரை ஓட்ட இடைக்கால ஒதுக்கீடு ஒன்று போட்டார்கள். அக்டோபர் 3 அன்று காங்கிரசின் சொந்தச் செலவுக்கான மசோதாவைக் கிளிண்டன் மறுத்தார். அதில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. மற்றவர் தட்டு காலியாக இருக்கும்போது காங்கிரஸ் தன் தட்டை முதலில் நிரப்பிக்கொள்ளக் கூடாது என்பது வாதம்.

பிறகு நவம்பர் 13. சந்தாப் பிரிவோடு வந்த மசோதாவை அவர் மறுக்க, அரசு 14 முதல் 19 வரை மூடப்பட்டது. நடுவே 15ஆம் தேதி கிங்ரிச் பத்திரிகையாளர்களிடம், இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினின் இறுதிச்சடங்குக்குப் போய்வந்த அதிபர் விமானத்தில் தன்னோடு யாரும் பட்ஜெட் பேசவில்லை என்றும், பின்வாசல் வழியாக இறங்க வைத்தார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். மசோதா இவ்வளவு கடுமையாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். நியூயார்க் நாளிதழ் ஒன்று அவரை அழுகுணிக் குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்தது. இன்றுவரை பலருக்கு அந்த முடக்கம் என்றால் இதுதான் ஞாபகம். ஆனால் விமானத்தில் அவரை முன்வாசலில் இறக்கியிருந்தாலும் மெடிகேர் கணக்கு மாறியிருக்காது. மோதலின் வேர் மசோதாவின் அமைப்பில் இருந்தது.

19ஆம் தேதி ஒப்பந்தம் ஏற்பட்டது. காங்கிரஸ் அலுவலகக் கணக்கின்படி ஏழாண்டில் சமன் என்பதை அதிபர் ஏற்றார். மெடிகேர், மெடிகெய்ட், கல்வி, சுற்றுச்சூழல் முதலியவற்றைக் காப்போம் என்பதைக் காங்கிரஸ் ஏற்றது. ஒரே தாளில் இரண்டும். ‘காப்பது’ என்றால் எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. ஆகவே டிசம்பர் 15 வரை பணம் வந்தது, சண்டை தீரவில்லை.

இந்த இடத்தில் பாதுகாப்புத் துறை மசோதாவைக் கவனிக்க வேண்டும். அவர் கேட்டதைவிடப் பல நூறு கோடி அதிகமாக இருந்தும் கிளிண்டன் அதை மறுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. பத்து நாளை ஓடவிட்டார். டிசம்பர் 1 வாக்கில் அது தானே சட்டமானது. பால்கனில் போஸ்னியப் போரை நிறுத்தும் டேட்டன் ஒப்பந்தம் அப்போதுதான் ஏற்பட்டிருந்தது. போஸ்னியாவுக்குப் படை அனுப்பப் பணமும் ஆதரவும் அவருக்கு வேண்டியிருந்தது. எந்த மசோதாவை மறுப்பது என்பதில் கொள்கையோடு தேவையும் பேசும்.

டிசம்பர் 6 அன்று பெரிய மசோதாவின் முறை வந்தது: மெடிகேர், மெடிகெய்ட், வரிக்குறைப்பு எல்லாம் அடங்கிய சமநிலை பட்ஜெட் சட்டம். மெடிகேரைத் தொடங்கிவைத்து 1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட பேனாவை வரவழைத்து, அதே பேனாவால் கிளிண்டன் அதை மறுத்தார். மறுநாள் எதுவும் மூடப்படவில்லை. மெடிகேர் நேற்று ஓடியது போலவே ஓடியது. கோட்டைச் சுவர் என்றேனே, அது இது.

பலிக்காத மிரட்டல்

கடன் உச்சவரம்பு மசோதாவின் கதை தனி. அன்றைய வரம்பு 4.9 லட்சம் கோடி டாலர். நவம்பர் நடுவில் அது தொட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். தொட்டுவிட்டால் புதுக் கடன் வாங்க முடியாது, பழைய கடனுக்குத் தவணை தவறும் நிலை. அந்த அச்சத்தில் அதிபர் இறங்கிவருவார் என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிய மசோதா வரம்பை டிசம்பர் 12 வரை மட்டும் ஏற்றி, பிறகு இறக்குவது. கூடவே, நிதித்துறை ஓய்வூதிய நிதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையும் போட்டிருந்தது. தடை ஏன் என்பது இரண்டு நாளில் தெரிந்தது.

அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியும் சேமிப்பு நிதியும் அரசுக் கடன்பத்திரங்களில் முதலீடு செய்யப்பட்டிருக்கும். அந்தப் பத்திரங்களும் 4.9 லட்சம் கோடிக்குள் கணக்கு. நிதியமைச்சர் ராபர்ட் ரூபின் நவம்பர் 15 அன்று முதல் நிதியின் பத்திரங்களில் 3,980 கோடி டாலர் அளவை முன்கூட்டியே கலைத்தார். இரண்டாவது நிதியின் 2,150 கோடியை மறுமுதலீடு செய்யாமல் நிறுத்தினார். கணக்கில் 6,130 கோடி டாலர் இடம் கிடைத்தது, அந்த அளவுக்குச் சந்தையில் கடன் வாங்கி வட்டி கட்டினார். வரம்பு உயர்ந்ததும் அந்த நிதிகளுக்கு அசலையும் விடுபட்ட வட்டியையும் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊழியர் யாருடைய ஓய்வூதியமும் குறையவில்லை.

கெடு வைத்தவர் எதிர்பார்த்த நாள் வந்தது, போனது. வரம்பு 5.5 லட்சம் கோடியாக உயர்ந்தது 1996 மார்ச் 29 அன்றுதான், அதுவும் மெடிகேர் நிபந்தனை எதுவும் இல்லாமல்.

21 நாள்

டிசம்பர் 16 அன்று இரண்டாம் முடக்கம் தொடங்கியது. 13 மசோதாக்களில் ஏழு அதற்குள் சட்டமாகிவிட்டதால் மீதி ஆறு மசோதாக்களின் துறைகள் மட்டுமே மூடப்பட்டன: சுமார் 2,84,000 பேர் வீட்டில், இன்னும் 4,75,000 பேர் சம்பளம் இல்லாமல் வேலையில். 18, 19 தேதிகளில் அரசு நிலங்கள், வீட்டுவசதி, நீதித்துறை முதலியவற்றுக்கான மூன்று மசோதாக்களைக் கிளிண்டன் மறுத்தார். சுற்றுச்சூழல் வெட்டும், புதுக் காவலர் நியமனத் திட்டத்தைக் கலைத்ததும் காரணம். இங்கே கத்தி அவர் கையையும் அறுத்தது: சுற்றுச்சூழலைக் காக்கப் போட்ட வீட்டோவால் 609 நச்சுக்கழிவு இடங்களில் துப்புரவு வேலை நின்றது.

பணம் இல்லாமல் அலுவலகத்தை ஏன் திறந்துவைக்கக் கூடாது? 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: ஒதுக்கீடு இல்லாமல் அரசுக்குச் செலவு வைக்கும் அதிகாரி குற்றவாளி, 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பல காலம் இதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளாமல், பணம் வந்துவிடும் என்று வேலையைத் தொடர்ந்தார்கள். 1980, 1981இல் அன்றைய தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து தடுக்கும் வேலை போன்றவை தவிர மற்றதை மூடியே ஆக வேண்டும் என்று கருத்து எழுதினார். முடக்கம் என்ற ஆயுதம் கூர்மையானது அந்த இரண்டு கடிதங்களால். ஊழியருக்கு விடுபட்ட சம்பளம் கிடைக்கும் என்ற உறுதிகூட அன்று சட்டத்தில் கிடையாது. ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் பிறகு மனமிரங்கி ஒதுக்க வேண்டும். 1996 ஜனவரியில் ஒதுக்கியது. அதுவரை வாடகைக்கும் கடன் தவணைக்கும் என்ன செய்வது என்ற கேள்வி இந்த மோதலில் வாக்களித்த ஒருவருக்கும் இல்லை. அவர்கள் சம்பளம் நிற்கவில்லை.

368 தேசியப் பூங்கா இடங்கள் மூடப்பட்டன. இரண்டு முடக்கத்திலும் சேர்த்து 70 லட்சம் பார்வையாளர் வருகை இழப்பு. 2 லட்சம் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் தேங்கின. வெளிநாட்டினரின் விசா விண்ணப்பங்கள் நாளொன்றுக்கு 20,000 முதல் 30,000 வரை தொடப்படாமல் கிடந்தன. தேசிய சுகாதார ஆராய்ச்சி மருத்துவமனை புதிய நோயாளிகளைச் சேர்க்கவில்லை. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் 21 ஓவியங்களை ஒரே இடத்தில் சேர்த்திருந்தார்கள். அவர் வரைந்து இன்று மிஞ்சியிருப்பவையே முப்பத்தைந்து சொச்சம். நவம்பர் 12 அன்று திறந்தது, 14 அன்று பூட்டப்பட்டது. டிசம்பரில் மறுபடி பூட்டு விழ, 27ஆம் தேதி தனியார் நன்கொடையால் அந்தக் கண்காட்சியை மட்டும் திறந்தார்கள். வீட்டோவின் விளைவை ஒரு கட்டடத்துக்குள் பார்க்க வேண்டுமென்றால் அதுதான்: ஒரு கூடத்தில் விளக்கு, சுற்றிலும் இருட்டு.

இந்த நாட்களில்தான் கிளிண்டனின் வீட்டோ ஒன்று மீறப்பட்டது. பங்கு முதலீட்டாளர் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் மசோதா; டிசம்பர் 22 அன்று செனட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. அவர் கட்சியினரே பலர் எதிராக வாக்களித்தார்கள். எட்டு ஆண்டில் அவர் போட்ட 37 வீட்டோக்களில் மீறப்பட்டவை இரண்டு. முதல் நான்கு ஆண்டில் இது ஒன்றே. அந்த வாரம் அதே உறுப்பினர்கள் பட்ஜெட்டில் அதிபரோடு நின்றார்கள். கிங்ரிச்சுக்கு 290 வாக்கு சேர்க்கக் குறைந்தது ஐம்பது ஜனநாயகக் கட்சியினராவது வேண்டும். மெடிகேர் விஷயத்தில் அவர்கள் வர மாட்டார்கள் என்பது கடைசிவரை மாறவில்லை.

முதலில் உடைந்தது குடியரசுக் கட்சியின் செனட் பக்கம். 1996 அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பாப் டோல் ஜனவரி 2 அன்று, போதும் என்று சொல்லி, ஊழியர்களைத் திரும்ப அழைக்கும் மசோதாவை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றினார். சில நாள் முரண்டுபிடித்துவிட்டுப் பிரதிநிதிகள் சபையும் இறங்கியது. அதிபர் காங்கிரஸ் அலுவலகக் கணக்கில் சமனாகும் ஏழாண்டுத் திட்டம் ஒன்றைத் தாளில் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஜனவரி 6 அன்று தந்தார். அலுவலகங்கள் திறக்க வேண்டிய நேரத்தில் வாஷிங்டனில் பெரும் பனி கொட்டி, இன்னும் சில நாள் கதவு திறக்கவில்லை.

1996 ஆண்டுக்கான கடைசி ஒதுக்கீடு ஏப்ரல் 26 அன்றுதான் கையெழுத்தானது, நிதியாண்டில் பாதிக்கு மேல் போன பிறகு. உள்நாட்டுத் துறைகளின் ஆண்டு ஒதுக்கீடு முந்தைய ஆண்டைவிட 2,000 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. மெடிகேர் சந்தா 42.50 டாலருக்கு இறங்கியது. ஆண்டு ஒதுக்கீட்டில் காங்கிரஸ் வெட்டியது. நிலையான திட்டங்களில் அதிபர் காத்தார். யார் வென்றார் என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்கட்டும்.

மசோதாவின் ஒரு வரியை மட்டும் அடிக்கும் பேனா

முழு மசோதாவையும் மறுப்பதால்தானே நாடு முடங்குகிறது, மசோதாவில் வேண்டாத பிரிவை மட்டும் அடிக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்துவிடலாமே என்ற யோசனை பழையது. அமெரிக்க மாநில ஆளுநர்கள் பெரும்பாலோருக்கு அது உண்டு. இதே காங்கிரஸ் அந்த அதிகாரத்தைத் தரும் சட்டத்தை இயற்ற, கிளிண்டன் 1996 ஏப்ரல் 9 அன்று கையெழுத்திட்டார். 1997 ஜனவரி முதல் நடைமுறை. மசோதாவில் கையெழுத்திட்ட பிறகு ஐந்து நாளுக்குள் குறிப்பிட்ட செலவையோ சிறு கூட்டத்துக்கு மட்டும் போகும் வரிச்சலுகையையோ அதிபர் ரத்துசெய்யலாம். காங்கிரசுக்குப் பிடிக்கவில்லையென்றால் அதை மீட்கத் தனி மசோதா போட வேண்டும். அதையும் அதிபர் மறுக்கலாம்.

1997 ஆகஸ்டில் இரு தரப்பும் கடைசியில் ஒரு சமநிலை பட்ஜெட் சட்டத்துக்கு ஒத்துக்கொண்டன. மெடிகேர் சேமிப்பும் வரிக்குறைப்பும் இருந்தன, அளவு மட்டும் 1995ஐவிடச் சிறியது. ஆகஸ்ட் 11 அன்று கிளிண்டன் புதுப் பேனாவை எடுத்து மூன்று பிரிவுகளை அடித்தார். ஒன்று, நியூயார்க் திருப்பித் தர வேண்டியிருந்த மெடிகெய்ட் பணத்தைத் தள்ளுபடி செய்யும் பிரிவு. இன்னொன்று, உணவு பதப்படுத்தும் ஆலையை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்பவருக்கான வரிச்சலுகை. அந்த ஆண்டில் மொத்தம் 82 ரத்துகள். அவற்றில் 38 ராணுவக் கட்டுமானப் பணிகளைக் காங்கிரஸ் மீட்டது. மீட்பு மசோதாவை அவர் மறுக்க, 1998 பிப்ரவரியில் மூன்றில் இரண்டு பங்கால் மீறியது. அவருடைய 37இல் மீறப்பட்ட இரண்டாவது அது.

நியூயார்க் நகரமும் ஐடஹோ மாநில உருளைக்கிழங்கு விவசாயிகளின் சங்கமும் வழக்குப் போட்டன. 1998 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் சட்டத்தை ரத்துசெய்தது. மசோதா சட்டமான பிறகு அதில் ஒரு பகுதியை அடிப்பது சட்டத்தைத் திருத்துவதாகும், திருத்தம் இரு அவை வழியாகவே வர வேண்டும் என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். அந்த நிதியாண்டு செப்டம்பரில் முடிந்தபோது 6,900 கோடி டாலர் உபரி இருந்தது. 2002க்கு என்று சண்டை போட்ட இலக்கு நான்கு ஆண்டு முன்பே வந்துவிட்டது. பொருளாதாரம் இரு அலுவலகங்களும் கணித்ததைவிட வேகமாக வளர்ந்து வரி வருவாயைக் கொட்டியது பெரிய காரணம். நியூயார்க்கின் தள்ளுபடியும் உருளைக்கிழங்குச் சங்கம் கேட்ட சலுகையும் சட்டப் புத்தகத்தில் பழைய இடத்துக்கே திரும்பின. அடுத்து வந்த ஒதுக்கீட்டு மசோதாக்களின் முன் அதிபருக்குப் பழைய இரண்டு வழிகளே இருந்தன: முழுவதற்கும் கையெழுத்து, அல்லது முழுவதையும் திருப்பி அனுப்புவது.